எல்லாரும் பார்க்கிற பக்கம்

அத்தியாயம் 14

மூன்று நாளாக அவள் தெரியாது என்று எழுதியிருக்கிறாள். மூன்று நாளும் நான் படித்திருக்கிறேன். ஒரு நாள் 'கேட்டுச் சொல்கிறேன்' என்று பதில்கூடப் போட்டேன். கேட்கவும் செய்தேன். சொல்லத்தான் இல்லை.

காலை ஏழேகால் மணிக்குச் சின்னவள் இதைத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது, காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் யாரோ ஓர் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் திரையில் ஓர் ஆஸ்பத்திரியின் நீளமான தாழ்வாரம் தெரிந்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்குத் திறக்கப்போகும் புது ஆஸ்பத்திரி. அவள் கணவன் போனைத் தூக்கிப் பிடித்தபடி, நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு துப்புரவு அம்மாவின் பின்னால் நடந்துகொண்டிருந்தான்.

வழிகாட்டி போர்டு செய்வது அவர்கள் குடும்பத் தொழில். மாட்டி முடித்ததும் கட்டடம் பழகாத ஒருவரை வாசலில் நிறுத்தி, யாரிடமும் கேட்காமல் போர்டைப் பார்த்தே ஓர் இடத்துக்குப் போகச் சொல்வார்கள். அவர் போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது. இந்த அம்மாவைக் கண் சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். அவரும் அம்புக்குறி காட்டிய பக்கமெல்லாம் பயபக்தியோடு திரும்பி, கடைசியில் ஓர் இரும்புக் கதவின் முன்னால் போய் நின்றார். உள்ளே ஜெனரேட்டர் இருந்தது.

"இங்கதான் கண்ணு பாப்பாங்களா சார்?"

கணவன் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினான். "பார்த்தியா?" என்று மட்டும் கேட்டான்.

"பார்த்தேன். அப்படியே நில்லுங்க. எதையும் கழட்டாதீங்க."

அவளுக்குக் காரணம் அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அதுதான் வேதனையாக இருந்தது.

மாடியில் இருக்கும் இந்தச் சின்ன அறையிலிருந்து அவள் இரண்டு வருடமாக வேலையை நடத்துகிறாள். கணவன் எந்நேரமும் ஏதாவது ஒரு கட்டடத்தில் ஏணி மேல் இருப்பான். நாத்தனார் வேறொரு நகரத்தில் இருந்துகொண்டு வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்கிறாள். கீழ்த்தளத்தில் போர்டு வெட்டி, அச்சடித்து, பெயின்ட் அடிக்கும் பட்டறை கணவனின் அண்ணனுடையது. வீட்டில் எல்லாருக்கும் அவர் பெரியவர், இவள் சின்னவள். வரைபடம் போடுகிறவள் கடல் தாண்டி இருக்கிறாள். அவள் ஊரில் மணி எப்போதும் இவர்களைவிட ஆறு மணி நேரம் முந்தி ஓடும் என்பதால் அவளுக்கு 'ஆறுமணி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளை யாரும் நேரில் பார்த்ததில்லை.

இத்தனை பேரையும் சேர்த்துக் கட்டியிருப்பது ஒரே ஒரு பக்கம். இணையத்தில் இருக்கிறது, எல்லாரும் பார்க்கலாம், எல்லாரும் எழுதலாம். வேலை முடித்து எழுந்து போகும்போது ஒவ்வொருவரும் மூன்று வரி எழுத வேண்டும் என்பது சின்னவள் வைத்த சட்டம். முடித்தது ஒரு வரி, முடியாதது ஒரு வரி, தனக்குத் தெரியாதது ஒரு வரி. மூன்றாவது வரியைப் பெரியவர் ஒரு நாளும் எழுதியதில்லை. 'நமக்குத் தெரியாததை ஊருக்கு எதுக்குச் சொல்லணும்' என்பார்.

போன வாரம் அவருக்கும் அவளுக்கும் நடந்த பேச்சு வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரி திறக்கும் நாள் வரை அவள் முறை. அதில் ஒரு தப்பு வந்தாலும் அப்புறம் தன் முறை என்று சொல்லிவிட்டார். அவர் முறையில் பக்கம் கிடையாது. வேண்டியவரை வேண்டிய நேரத்தில் அவர் போனில் கூப்பிடுவார். முகம் பார்க்காத ஆறுமணியும் கிடையாது.

அந்தத் தப்பு இப்போது வந்து நின்றது.

மீதியைக் கணவன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழே பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருக்கிறது. கிழக்குப் பக்கம் சாலையைத் தோண்டிவிட்டார்கள், அந்த வாசலை அடைத்தாயிற்று, மக்கள் இனி மேற்கு வாசல் வழியாகத்தான் வருவார்கள் என்றார்கள். பெரியவர் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார். தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னார். கை கழுவினார். அவரைப் பொறுத்தவரை எல்லாருக்கும் சொல்லியாயிற்று.

மாடியில் இருந்தவளுக்குச் சொல்லவில்லை. வரைகிறவளுக்குச் சொல்லவில்லை. தம்பியும் தங்கையும் அண்ணன் எல்லாருக்கும் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

கணவன் போர்டுகளை மேற்கே பார்த்து மாட்டினான். ஆறுமணி கிழக்கிலிருந்து வருகிறவனுக்காக அம்பு போட்டாள். வலது கையில் இருக்க வேண்டியதெல்லாம் இடது கைக்குப் போயிற்று. கணவன் அனுப்பிய ஒரு படத்தில் கிழக்கு வாசலில் புதுச் சுவர் தெரிவதை ஆறுமணிதான் கவனித்தாள். 'வாசல் மாறிவிட்டதா? எனக்குத் தெரியாது' என்று மூன்றாவது வரியில் எழுதினாள். மறுநாளும் எழுதினாள். அதற்கு மறுநாளும்.

சின்னவள் கீழே இறங்கிப் போய்க் கேட்டிருந்தாள். பெரியவர் அலுமினியத் தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அதெல்லாம் பேசியாச்சும்மா என்றார். பேசியாயிற்று என்றால் பழையபடியே என்று அவள் எடுத்துக்கொண்டாள். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். அவர் முகம் சுளிப்பார் என்று கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த பதினோரு வருடமாக அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அளந்து பேசிய பழக்கம், வேலை நடக்கும் இடத்திலும் அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

பக்கத்தைத் திறந்தாள். தட்டச்சினாள்.

'ஞாயிற்றுக்கிழமை வாசல் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாறியது. ஆறுமணி மூன்று நாள் கேட்டிருக்கிறாள். நான் விசாரித்தேன், சரியாக விசாரிக்கவில்லை, கேட்டதை எழுதவும் இல்லை. தவறு என்னுடையது. இனிச் செய்ய வேண்டியதைக் கீழே எழுதலாம்.'

படித்துப் பார்த்தாள். பெரியவர் பெயர் அதில் இல்லை. அது மரியாதையா பயமா என்று யோசித்தாள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்று தோன்றியது. ஆனால் எழுதியது முழுவதும் உண்மை. அனுப்பினாள்.

ஆறுமணியின் பதில் உடனே வந்தது. திட்டு இல்லை. மூன்று மாடியின் வரைபடமும் வந்து விழுந்தது. தாழ்வாரத்தில் மொத்தம் அறுபத்தொரு போர்டு. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. கூப்பிடலாமா என்று கேட்டிருந்தாள்.

எட்டு மணிக்கு நான்கு பேரும் ஒரே லைனில் இருந்தார்கள். ஆறுமணி நிதானமாக விளக்கினாள். அம்புக்குறி தனிச் சதுரத் தகடு, நாலு திருகு. கழற்றித் திருப்பினால் இடது வலதாகிவிடும். ஆனால் எல்லாவற்றையும் திருப்பக் கூடாது. மாடிப்படியைப் பார்த்து இருப்பவை எந்த வாசலுக்கும் ஒன்றுதான். அவள் எண்ணிப் பார்த்துவிட்டாள். முப்பத்தெட்டைத் திருப்ப வேண்டும், பதினாலைத் தொடக் கூடாது, ஒன்பதில் எழுத்தே மாற வேண்டும்.

அந்த ஒன்பதை நாத்தனார் ஏற்றுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஸ்டிக்கர் அச்சடிக்கும் கடை ஒன்றைப் பிடித்து விடுவதாகச் சொன்னாள். "அண்ணி, பத்து மணிக்குள்ள டிசைன் வந்துடணும். கடைக்காரர் மதியம் தூங்குவாராம். எழுப்பினா கோணலா ஒட்டுவாராம்."

சின்னவள் விதிகளைச் சொன்னாள். பேசும் லைன் தாழ்வாரத்தில் நிற்பவருக்கும் எண் சொல்பவருக்கும் மட்டும். மற்றவர்களுக்குக் கேள்வி இருந்தால் பக்கத்தில் எழுத வேண்டும். சொன்ன எண்ணைக் கேட்டவர் திரும்பச் சொன்ன பிறகுதான் திருகில் கை வைக்கலாம். முடித்ததும் எண் தெரிகிற மாதிரி ஒரு படம். படம் வராதது முடியாத வேலை.

"பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு," என்றான் கணவன்.

"பள்ளிக்கூடத்துல நீங்க ஒழுங்கா இருந்திருந்தா இப்ப ஏணி மேல இருப்பீங்களா?" என்றாள் அவன் தங்கை.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார்கள்.

"ரெண்டு. வலது," என்றாள் ஆறுமணி.

"ரெண்டு, வலது." கொஞ்ச நேரம் ஸ்க்ரூடிரைவர் சத்தம். "முடிஞ்சுது. படம் போட்டாச்சு."

"மூணு. தொட வேண்டாம்."

"மூணு, தொடலை."

இரண்டு திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சின்னவள் ஒவ்வொரு எண்ணாகப் பச்சை ஆக்கினாள். பக்கத்து அறையில் வாஷிங் மெஷின் கடகடவென்று சுற்றியது. அவளுக்கு வினோதமான ஒரு நிம்மதி வந்தது. ஒருவர் குரலை ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுக்கிற அந்தத் தாளத்தில், இந்த நான்கு பேருக்கும் நடுவில் கடலும் மலையும் இருப்பது மறந்துபோயிற்று. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால்கூட இவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பார்களா? கீழே இருக்கும் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது. கேட்டிருக்க மாட்டார்கள்.

இருபத்தாறு வரை தடங்கல் இல்லை. இருபத்தேழின் படம் வந்தபோது அவள் முதுகை நிமிர்த்தினாள். இருபத்தேழு தொடக் கூடாத போர்டு. படத்தில் அம்பு திரும்பியிருந்தது. இருபத்தெட்டும் அப்படியே.

"யாரு சொல்லித் திருப்பினீங்க?"

"அண்ணன் இன்னொரு போன்ல கூப்பிட்டார். ஒண்ணு ஒண்ணா என்ன ராமாயணம், எல்லாத்தையும் திருப்பிடுன்னார்."

அவள் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. கீழேயும் ஓடவில்லை. பக்கத்தில் பெரியவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதினாள். 'அத்தான், நீங்களும் இந்த லைனுக்கே வாங்க. மாடியில இன்னொரு ஹெட்செட் இருக்கு.'

எல்லாரும் பார்க்கிற பக்கத்தில் எழுதினாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியவர் கதவோரம் நின்றார். சட்டைக் கையில் வெள்ளைப் பெயின்ட். இந்த அறைக்குள் அவர் வந்து ஒரு வருடம் இருக்கும். பிளாஸ்டிக் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்து ஹெட்செட்டைத் தலைகீழாக மாட்டினார், பிறகு தானே சரி செய்துகொண்டார்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும் முன்பே ஆறுமணி பேசினாள். "ஐயா, இருபத்தேழுக்கு எதிர்ல மாடிப்படி இருக்கு. நீங்க எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் படி இடது கையிலதான் வரும். அதனால அதை விட்டுட்டேன்."

பெரியவர் திரையில் இருந்த வரைபடத்தை உற்றுப் பார்த்தார். விரலை வைத்து மேற்கிலிருந்து நடந்தார். கிழக்கிலிருந்து நடந்தார். தாழ்வாரத்தின் நடுவே இரண்டு பக்கமும் படி இருந்தது. கட்டடம் படிப்பதில் அவர் சூரர். அவருக்கு ஒருமுறை போதும்.

"தம்பி, இருபத்தேழு, இருபத்தெட்டு. பழையபடி வை," என்றார்.

"இருபத்தேழு, இருபத்தெட்டு, பழையபடி," என்றான் தம்பி. அண்ணன் சொன்னதையும் திரும்பச் சொன்னான். சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. திரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு அவர் எழுந்து போகவில்லை. முப்பதுக்கு மேல் எண்களைத் தானே பச்சை ஆக்க ஆரம்பித்தார். நாற்பத்தொன்றில் ஒரு படம் மங்கலாக இருக்க, இன்னொன்று கேளு என்றார். பதினொரு மணிக்கு ஆறுமணியின் வேலை நேரம் முடிந்தது, அவள் கிளம்பவில்லை. வீட்டில் சமையல் கணவர் கையில் போயிருக்கிறது, அதனால் தனக்கும் அவசரமில்லை என்றாள். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஒன்றரை மணிக்கு அறுபத்தொன்றாவது போர்டின் படம் வந்தது. ஆறுமணி தன் மூன்று வரியை எழுதிவிட்டுப் போனாள். எழுத்து மாற வேண்டிய ஒன்பதின் ஸ்டிக்கர்கள் மூன்று மணிக்கு நேராகவே ஒட்டப்பட்டன. நாலரை மணிக்கு அதே துப்புரவு அம்மாவை மேற்கு வாசலில் நிறுத்தினார்கள். மறுபடியும் கண் பிரிவு என்றால் ஞாபகத்தில் போய்விடுவார் என்று, மூன்றாம் மாடியில் எலும்பு முறிவுப் பிரிவைத் தேடச் சொன்னார்கள்.

நான்கே நிமிடம். கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"யாரையும் கேட்காம வந்துட்டேன் சார். ஆனா வழியில பேச்சுத் துணைக்கு ஒருத்தரும் இல்லை."

அந்த வீடியோவைச் சின்னவள் பக்கத்தில் போட்டு வைத்தாள். ஆறுமணி தூங்கி எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

ஐந்தரை மணிக்குப் போனில் ஓர் அறிவிப்பு வந்தது. பெரியவர் ஒரு புதுக் குழு தொடங்கியிருந்தார். பெயர், 'வீடு'. உள்ளே அவர், தம்பி, தங்கை, சின்னவள். அவருடைய முதல் செய்தியும் இருந்தது. அடுத்து ஒரு விமான நிலைய வேலை வரப்போகிறது, பெரிய வேலை, முக்கியமானதை நாம் நாலு பேரும் இங்கே பேசி முடிவு செய்துகொள்ளலாம், மற்றதை அந்தப் பக்கத்தில் போட்டால் போதும் என்று எழுதியிருந்தார்.

அவள் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு வேலையை எடுப்பதற்கு முன்னால் அவளைக் கேட்கிறார்கள். இதற்காக எத்தனை நாள் அந்தச் சாப்பாட்டு மேசையில் பரிமாறிவிட்டு, பாத்திரம் எடுக்கிற சாக்கில் இன்னும் இரண்டு நிமிடம் நின்றிருக்கிறாள். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறார்கள்.

அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் ஆறுமணி தெரிய மாட்டாள்.

கீழே இறங்கினாள். பட்டறையில் மெஷின் நின்றிருந்தது. பெரியவர் தரையில் கிடந்த தகட்டுத் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் அத்தான்."

"உன் முறையே நடக்கட்டும். அந்தப் பொண்ணும் இருக்கட்டும். நல்ல வேலைக்காரி." விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "உன்னைச் சேர்த்துக்கலைன்னு உனக்கு மனசுல இருந்துச்சு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தெரிந்தே இருந்திருக்கிறார். கோபம் வர வேண்டிய இடத்தில் ஏனோ மனம் லேசானது. ஒளிக்க இனி ஒன்றும் இல்லை.

"இருந்துச்சு அத்தான்."

"அப்புறம் என்ன? இப்பத்தான் சேர்த்தாச்சே."

"விமான நிலைய வேலையைப் பத்தி எனக்கு நிறையச் சொல்லணும். பக்கத்துலயே எழுதறேன். எல்லாரும் பார்க்கட்டும். நான் இந்தக் குழுவுல இல்லை."

வீட்டு விஷயம் வீட்டோடு இருக்க வேண்டாமா என்று கேட்டார். குரலில் கடுமை இல்லை, அதனால் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இது வேலை விஷயம். ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னது சாப்பாட்டு மேசையில நின்னுச்சு. இந்தக் குழு வந்தா நாளைக்கு இதுல நிக்கும். அன்னைக்கு எனக்குத் தெரியாம போச்சு. இனிமே எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் விளக்குமாற்றை மறுபடி எடுத்தார். அவள் அங்கேயே, அவர் கண் முன்னாலேயே போனை எடுத்துக் குழுவிலிருந்து விலகினாள். 'வர்றேன் அத்தான்' என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

சமையலறைக்குள் நுழையும்போது போன் அதிர்ந்தது. 'வீடு' குழுவில் அவள் மறுபடியும் சேர்க்கப்பட்டிருந்தாள்.

பெரியவர் விடாக்கண்டர்தான் என்று நினைத்தபடி பார்த்தாள். சேர்த்தது அவர் இல்லை. கணவன்.

அவளுக்கு மட்டும் தனியாக ஒரு செய்தியும் அனுப்பியிருந்தான். 'அண்ணன் கூப்பிட்டார். ரொம்பச் சங்கடப்படுறார். இத்தனை வருஷத்துல அவர் ஒருத்தரை வான்னு கூப்பிட்டதே பெரிசு. நீ ஒண்ணும் பேச வேண்டாம். எனக்காக, பேருக்கு இரு.'

அவள் அடுப்படியில் சாய்ந்து நின்றாள். நாள் முழுவதும் ஆறுமணி சொன்ன ஒவ்வொரு எண்ணையும் மறு பேச்சில்லாமல் திரும்பச் சொன்ன குரல் இது. நாளை மறுநாள் பையோடு இந்த வாசலில் வந்து நிற்கப்போகிறவன். அவன் கேட்பது பேருக்கு ஒரு சம்மதம். அதைக் கொடுத்துவிட்டால் இந்த வீட்டில் யார் முகமும் வாடாது.

'நீங்க வந்ததும் பேசலாம். இப்ப போய்ச் சாப்பிடுங்க' என்று அவனுக்கு எழுதினாள்.

பிறகு குழுவைத் திறந்தாள். வெளியேற வேண்டுமா என்று போன் கேட்டது. ஆம் என்பதை அழுத்திவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றினாள்.